எவர்சில்வர் துப்பாக்கி

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசிய பேச்சு)

 

போன வாரம் நம் மையத்தில் பழைய பொருள் வாங்குவது பற்றிப் பேசினோம். பழைய சைக்கிள், பழைய தையல் மிஷின், பழைய பீரோ. எதைப் பார்க்க வேண்டும், எப்படி விலை பேச வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு அண்ணன் கேட்டார்: "ஏம்மா, பழைய துப்பாக்கி வாங்கலாமா?"

எல்லாரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் மாமா வீட்டில் அது நடந்தது. அதைச் சொல்லவா என்று மாமாவிடமும் அத்தையிடமும் கேட்டேன். "சொல்லு, ஆனா பேரைச் சொல்லாதே" என்றார் மாமா. "தாராளமா சொல்லு" என்றாள் அத்தை. அதனால் இன்று சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். ஆனால் இந்த விஷயத்துக்காக மாமாவோடு இரண்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். சட்டப் புத்தகத்தையும் ஒருவர் உதவியோடு வாசித்தேன். அதில் தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

நம் தங்கவயலின் கதை உங்களுக்கே தெரியும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அன்று முதல் ரயில்தான் நமக்குச் சோறு போடுகிறது. விடிவதற்கு முன் ரயில் ஏறி பெங்களூரு போகிறோம். இருட்டிய பிறகு திரும்புகிறோம். மாமாவும் அப்படித்தான். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பெங்களூருவில் கட்டட வேலைக்காரர்களுக்குக் கூலிப் பணம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. 2021இல் ஒரு ராத்திரி இரண்டு பேர் வழிமறித்தார்கள். பணப்பை போயிற்று. கையில் பதினோரு தையல்.

அதன் பிறகு மாமா துப்பாக்கி உரிமம் கேட்டு மனு கொடுத்தார். உரிமம் என்பதைத்தான் லைசென்ஸ் என்கிறோம். போலீஸ் வந்து விசாரித்தது. அக்கம்பக்கத்தில் கேட்டது. ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று பார்த்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 2023இல் உரிமம் கிடைத்தது. உரிமம்தான் கிடைத்தது. துப்பாக்கியை நாமேதான் வாங்க வேண்டும்.

புதுத் துப்பாக்கி விலை கேட்டால் மயக்கம் வரும். கான்பூரில் உள்ள அரசாங்கத் தொழிற்சாலை 2014இல் 'நிர்பீக்' என்று ஒரு சிறிய ரிவால்வர் செய்து வெளியிட்டது. பெண்கள் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அதன் விலை அப்போதே சுமார் 1,22,000 ரூபாய்! எந்தப் பெண்ணின் பையில் அவ்வளவு பணம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் மாமாவின் நண்பர் வந்தார். ராணுவத்தில் மாமாவோடு ஒரே பாசறையில் இருந்தவர். பனிமலையில் ஒரே போர்வையில் படுத்தவர்கள். அவரிடம் ஒரு பழைய ரிவால்வர் இருந்தது. "புதுசு ஏண்டா வாங்குறே? என்கிட்ட இருக்குறதை எடுத்துக்கோ. அறுபதாயிரம் குடு போதும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அங்கே இருந்தேன். மோட்டார் பைக்கில் வந்தார். ஒரு துண்டில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து, நாங்கள் சாப்பிடும் பாயில் வைத்துப் பிரித்தார். பளபள என்று மின்னியது. அத்தையின் சின்னப் பையனுக்கு ஏழு வயது. "அம்மா, எவர்சில்வர் துப்பாக்கி!" என்று கத்தினான்.

அவன் சொன்னது சரிதான். நம் குடம், தட்டு, டம்ளர் எல்லாம் எந்த இனமோ, அதுவும் அந்த இனம்தான். இரும்போடு குரோமியம் என்ற உலோகத்தைக் கலப்பார்கள். நூறு பங்கில் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் இருக்கும். அதனால் எளிதில் துருப்பிடிக்காது. எளிதில் என்றுதான் சொல்கிறேன். எவர்சில்வர் டப்பாவில் உப்புப் போட்டு வைத்துப் பாருங்கள். அடியில் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். துப்பாக்கியும் அப்படித்தான். வியர்வை பட்டபடியே துடைக்காமல் வைத்தால் கறை விழும். வெளியே பளபளப்பாக இருப்பதால் உள்ளே குழாய் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ரிவால்வரை சினிமாவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு உருளை இருக்கும். அதில் துளைகள். பெரும்பாலும் ஆறு துளை, சிலவற்றில் ஐந்து. துளைக்கு ஒரு தோட்டா. விசையை இழுத்தால் உருளை சுழலும். அடுத்த தோட்டா குழாய்க்கு நேராக வந்து நிற்கும். சுழல்வதால்தான் தமிழில் சுழல் துப்பாக்கி என்கிறார்கள்.

பையன் கையை நீட்டினான். மாமா அவன் கையைத் தட்டிவிட்டார். பிறகு துப்பாக்கியை எடுத்தார். குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். விரலை விசை மேல் வைக்காமல் உருளையைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே இரண்டு தோட்டாக்கள் இருந்தன.

நண்பர் முகம் வெளுத்துவிட்டது. "காலின்னு நினைச்சேன்டா" என்றார். பாயில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இப்போது சொல்லும்போதும் கை நடுங்குகிறது. துப்பாக்கி காலி என்று எவர் சொன்னாலும், எடுத்தவர் தானே திறந்து பார்க்க வேண்டும். ராணுவத்தில் முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்களாம். கற்றவரே மறந்துவிட்டார்.

மாமா தோட்டாக்களை எடுத்துத் தனியாக வைத்தார். பிறகு வெளிச்சத்தில் குழாயைப் பார்த்தார். உருளையை ஆட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது. நண்பர் சொன்னார்: "இன்னைக்கே வச்சுக்கோ. பாதிப் பணம் குடு. பேப்பரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம். நமக்குள்ள என்ன?"

மாமா உள்ளே போய் பீரோவைத் திறந்தார். அந்தப் பீரோவில் இருந்தது அத்தை சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

இந்த அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தொரு வயதில் நம் மையத்துக்கு வந்தவள். முதலில் எண்தான் கற்றாள். பால் கணக்கில் ஏமாந்த கோபத்தில் வந்தவள் ஆயிற்றே! பிறகுதான் எழுத்து. இப்போது தமிழ் வாசிப்பாள், மெதுவாக. இங்கிலீஷ் தெரியாது. கன்னடம் பேசுவாள், படிக்கத் தெரியாது.

அத்தை சமையல்கட்டில் இருந்து வந்து நின்றாள். "அண்ணே, இதுக்கு லைசென்ஸ் புத்தகம் இருக்குமே, குடுங்க, பார்க்கிறேன்" என்றாள்.

நண்பர் சிரித்தார். "தங்கச்சி, அது இங்கிலீஷ்ல இருக்கும்மா."

"நம்பர் இங்கிலீஷ்லயும் நம்பர்தானே அண்ணே" என்றாள் அத்தை.

அவர் பைக்கில் இருந்து புத்தகத்தை எடுத்து வந்தார். அத்தை கீழே உட்கார்ந்தாள். துப்பாக்கியின் உடம்பில் ஒரு எண் பொறித்திருக்கும். அதை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாள். பிறகு புத்தகத்தில் அதே எண்ணைத் தேடினாள். கிடைத்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்தது. நண்பர் "பார்த்தியா" என்றார். அத்தை புத்தகத்தை மூடவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். முத்திரை குத்தின இடத்தில் தேதி இருந்தது. 31-12-2021.

"அண்ணே, இந்தத் தேதிக்கு அப்புறம் வேற தேதி இருக்கா?" என்று கேட்டாள்.

வேறு தேதி இல்லை. கொரோனா நேரத்தில் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். ஒன்றரை வருடமாக அவர் கையில் இருந்தது உரிமம் இல்லாத துப்பாக்கி. அது அவருக்கும் உறைக்கவில்லை. துப்பாக்கி தன்னுடையது, பணம் கொடுத்து வாங்கினது, புத்தகம் இருக்கிறது. அது போதும் என்று இருந்திருக்கிறார்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

நம் நாட்டில் 1959ஆம் வருடம் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2019 டிசம்பரில் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். இப்போது இரண்டுதான். முன்பு உரிமத்தின் காலம் மூன்று வருடம். இப்போது ஐந்து வருடம். உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை சிறை. இப்போது இரண்டு வருடம் முதல் ஐந்து வருடம் வரை. அபராதமும் உண்டு. போலீசும் ராணுவமும் வைத்திருக்கும் வகைத் துப்பாக்கிகளுக்குத் தடை செய்யப்பட்டவை என்று பெயர். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி அதில் ஒன்று. அந்த வகை கையில் இருந்தால் ஏழு வருடம் முதல் பதினான்கு வருடம் வரை. "நண்பன் கொடுத்தான், எனக்குத் தெரியாது" என்று கோர்ட்டில் சொல்லிப் பாருங்கள்!

சரி, நண்பரிடம் வாங்கவே கூடாதா? வாங்கலாம். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. கடைக்காரர்தான் விற்க வேண்டும் என்பது இல்லை. தன் சொந்தத் துப்பாக்கியைத் தனி ஆளும் விற்கலாம். ஆனால் விற்பவருக்குச் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். வாங்குபவருக்கும் அந்த வகைத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருக்க வேண்டும். அடுத்து, விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு எழுதலாம். நம் கர்நாடகத்தில் டி.சி. என்கிறோமே, அவர்தான். அல்லது பக்கத்துக் காவல் நிலைய அதிகாரிக்கு எழுதலாம். நான் இதை விற்கப்போகிறேன், இன்னாருக்கு விற்கப்போகிறேன், அவர் விலாசம் இது என்று எழுத வேண்டும்.

எழுதிக் கொடுத்த பிறகு 45 நாள் காத்திருக்க வேண்டும். 45 நாள் முடியாமல் துப்பாக்கி கை மாறக் கூடாது. பணம் முழுதும் கொடுத்திருந்தாலும் கூடாது, உயிர் நண்பன் என்றாலும் கூடாது. கை மாறிய பிறகு விற்றவர் உரிமத்தில் அந்தத் துப்பாக்கியை நீக்க வேண்டும். வாங்கினவர் உரிமத்தில் அதன் எண்ணை ஏற்ற வேண்டும். எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்தத் தேதியில் இருந்துதான் நாள் எண்ண வேண்டும்.

ஏன் 45 நாள்? அந்தத் துப்பாக்கி வேறு எங்காவது குற்றத்தில் பயன்பட்டதா, வாங்கப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க அதிகாரிகளுக்கு நேரம் வேண்டாமா? நாளைக்கு அந்தத் துப்பாக்கியால் ஒரு கொலை நடந்தால் போலீஸ் எண்ணைத்தான் பார்க்கும். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கதவைத்தான் தட்டும். ஆகவே இந்தக் காகிதம் விற்கிறவருக்கும் காவல்தான்.

புத்தகம் இருந்தால் மட்டும் போதாது, அதுவும் மெய்யானதாக இருக்க வேண்டும். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2,78,000க்கும் மேற்பட்ட துப்பாக்கி உரிமங்களைத் தகுதி இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2018இல் சி.பி.ஐ. அந்த வழக்கை எடுத்தது. இத்தனைக்கும் அவை அதிகாரிகளே கொடுத்த காகிதங்கள்! இப்போது நாடு முழுவதற்கும் ஒரு கணினிப் பதிவு இருக்கிறது. ஒவ்வொரு உரிமத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. சந்தேகம் இருந்தால் உரிமம் கொடுத்த அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மாமா கதைக்கு வருகிறேன்.

அத்தை தேதியைக் காட்டியதும் வீடு அமைதியாகிவிட்டது. நண்பருக்குக் கோபம் வந்தது. "என்னைத் திருடன்னு நினைக்கிறியா தங்கச்சி? இவனை நான் முதுகுல சுமந்திருக்கேன்" என்றார். அது பொய் இல்லை. மாமாவுக்குக் காய்ச்சல் வந்து விழுந்தபோது இரண்டு மைல் சுமந்தவர் அவர். அத்தை அழுதுவிட்டாள். ஆனால் பீரோச் சாவியைத் தரவில்லை. "நீங்க ஜெயிலுக்குப் போனாலும் நான் அழணும், அவர் போனாலும் நான்தான் அழணும்" என்றாள்.

நண்பர் துப்பாக்கியைத் துண்டில் சுற்றினார். சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். மாமா இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை. அத்தையும் விடவில்லை. தினமும் குழம்பு ஊற்றும்போது, "அண்ணன் அதை என்ன செஞ்சாரோ" என்று காற்றைப் பார்த்துச் சொல்வாள். மூன்றாம் நாள் மாமா போன் செய்தார்.

உரிமக் காலம் முடிந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலும் ஒப்படைக்கலாம். ரசீது வாங்க வேண்டும். மாமா அதைத்தான் நண்பரிடம் சொன்னார். "நானும் கூட வர்றேன்" என்றார். போனார். அங்கே அவர்கள் நண்பரை நிறையக் கேள்வி கேட்டார்கள். எழுதி வாங்கினார்கள். காத்திருக்க வைத்தார்கள். தானாகக் கொண்டுவந்தவர், பழைய ராணுவக்காரர் என்பதால் அவர்கள் மரியாதையாகவே பேசினார்கள் என்றார் மாமா. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதே மாதிரி இன்னொன்று. உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கி தானாகவே மனைவிக்கோ மகனுக்கோ சொந்தமாகிவிடாது. அதையும் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு மனு கொடுக்கலாம். அப்பாவின் நினைவாகப் பரணில் கிடக்கட்டும் என்று விட்டுவிட வேண்டாம். நம் லைனில் ஒரு பாட்டி அப்படி ஒரு பழைய துப்பாக்கியைப் பல வருடம் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். அவருக்கு அது ஒரு இரும்புத் தடி, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு அக்கா தனியாகக் கேட்டார். அவர் வீட்டுக்காரர் நகைக்கடையில் காவல் வேலை செய்கிறார். கடைக்காரரின் துப்பாக்கியைத்தான் தோளில் மாட்டுகிறார். அக்கா, கடைக்காரருக்கு உரிமம் இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுக்க உங்கள் வீட்டுக்காரருக்கும் அனுமதி வேண்டும். அவர் பெயர் உரிமத்தில் ஏறியிருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வேலை போய்விடும் என்று பயந்தால், நகல் ஒன்று வேண்டும் என்று மட்டும் பணிவாகக் கேட்கட்டும்.

கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற பழக்கம் வடக்கே அதிகம். நம் பக்கமும் அங்கங்கே தலைகாட்டுகிறது. உரிமம் இருந்தாலும் அதைச் செய்யக் கூடாது. பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அப்படிச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழேதானே வரும்!

மாமா கடைசியில் அந்தத் துப்பாக்கியை வாங்கினாரா என்று கேட்பீர்கள். வாங்கவில்லை. நண்பரின் உரிமம் சரியாவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் மாமா பெண்ணுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. சீட்டுப் பணம் அங்கே போயிற்று. நண்பர் முறைப்படி அதை ஒரு துப்பாக்கிக் கடைக்கே கொடுத்துவிட்டார். அறுபதாயிரம் கிடைக்கவில்லை. மாமா இப்போது கூலிப் பணத்தைக் கையில் எடுத்துப் போவதில்லை. பாதிப் பேருக்கு வங்கிக் கணக்கில் போடச் செய்துவிட்டார். மீதிப் பேருக்குப் பகலிலேயே கொடுத்துவிடுகிறார். உரிமம் பீரோவில் இருக்கிறது. தையல் போட்ட கை மழைக்காலத்தில் வலிக்கிறது. பயம் முழுதும் போகவில்லை, ராத்திரி ஸ்டேஷனில் இருந்து தனியாக நடக்க மாட்டேன் என்கிறார்.

நண்பர் எட்டு மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. போன பொங்கலுக்கு வந்தார். பைக்கில் இருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினார். துண்டில்தான் சுற்றியிருந்தது. எங்களுக்குத் திக்கென்றது. பிரித்தால் ஒரு எவர்சில்வர் குடம்.

அத்தை குடத்தை வாங்கினாள். திருப்பி அடியைப் பார்த்தாள். பிறகு கழுத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே பேர் வெட்டியிருந்தது. விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் பேர்தான். "என் பேர்லயே வெட்டிட்டீங்களா அண்ணே" என்றாள்.

"பின்னே? நீ நம்பர் பார்க்காம எதையும் உள்ளே விடமாட்டியே" என்றார் அவர். அன்று இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இங்கேயே கூடுவோம். வீட்டில் யாருக்காவது துப்பாக்கி உரிமம் இருந்தால் அந்தப் புத்தகத்தை மட்டும் கொண்டுவாருங்கள். துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம்! உரிமம் இல்லாதவர்கள் ரேஷன் அட்டையோ, வண்டியின் ஆர்.சி. புத்தகமோ கொண்டுவாருங்கள். எந்த எண் எதற்கு, எந்தத் தேதி எதற்கு என்று சேர்ந்து வாசிப்போம். அத்தையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.